துணியைத் திருப்பிப் பார்த்துக் கற்றுக்கொண்ட தையல்

தம்பிக்கு நான் தைத்த முதல் பனியன் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அப்போது எனக்கு 19 வயது. தாராபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவின் கறுப்பு உஷா மெஷின் இருந்தது. அதில் பாவாடை, ஜாக்கெட், தலையணை உறை எல்லாம் தைத்து அக்கம்பக்கத்தில் கொஞ்சம் நல்ல பேர் எடுத்திருந்தேன். சித்தப்பா திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வாங்கி வந்த கட் பீஸ் மூட்டையில் நல்ல நீலத்தில் பனியன் துணி கிடந்தது. அளவெடுத்து வெட்டி, கழுத்துக்கு அதே துணியில் பட்டி வைத்து, அழுத்தமாக இரண்டு தையல் போட்டேன். பார்த்தால் கடையில் வாங்கியது போலவே இருந்தது. தம்பி தலையை நுழைத்து இழுத்தான். பட், பட், பட் என்று சத்தம். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்தைச் சுற்றிப் போட்ட தையல் மட்டும் ஐந்தாறு இடத்தில் அறுந்திருந்தது.

நூல் மட்டம் என்று நினைத்தேன். கெட்டியான நூல் வாங்கி, பிரித்துத் திரும்பத் தைத்தேன். இந்தத் தடவை நூல் நின்றது. ஆனால் ஒரு துவைப்புக்கு அப்புறம் தையலை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்தன. கடையில் விற்கும் பனியனை நாய்க்குட்டி மாதிரி இழுத்து விளையாடினாலும் ஒன்றும் ஆவதில்லை. நான் பார்த்துப் பார்த்துத் தைத்தது மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று யாரிடம் கேட்பது? எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த இடத்தில் இருந்ததெல்லாம் நேர்த்தையல் மெஷின்தான். அதைத் தாண்டி வேறு தையல் உண்டு என்றுகூட அங்கே யாரும் பேசியதில்லை.

விடை கிடைத்தது திருப்பூரில். கல்யாணமாகி அங்கே குடிபோனபோது, ஒரு சம்பளம் வாடகைக்கே சரியாகப் போனதால் நானும் பனியன் கம்பெனிக்குப் போனேன். முதல் வேலை கைமடி. டெய்லர் பக்கத்தில் நின்று வெட்டிய துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்து வருவதை மடித்து அடுக்குவதும்தான் அது. நின்றே செய்யும் வேலை, கால் வலிக்கும். ஆனால் எல்லா மெஷினையும் அருகிலிருந்து பார்க்கலாம்.

அங்கே மெஷின்களுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. நேர்த்தையல் போடும் மெஷின் எந்த நாட்டுச் சரக்காக இருந்தாலும், ஜூகி என்று எழுதியிருந்தாலும், அதன் பெயர் சிங்கர். அதில் உட்காருபவர் சிங்கர் டெய்லர். ஓரத்தை வெட்டிக்கொண்டே பின்னிக்கொண்டு போவது ஓவர்லாக். டி-ஷர்ட்டின் அடி மடிப்பில் மேலே இரண்டு கோடும் உள்ளே வலையும் போடுவது பேட்லாக். வெளியூர்க்காரர்கள் பிளாட்லாக் என்று எழுதுவார்கள். திருப்பூரில் ‘பேட்லாக் டெய்லர் தேவை’ என்றுதான் சுவரில் ஒட்டியிருக்கும்.

நான் கைமடித்தது ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணாவுக்கு. 20 வருஷமாகத் தைத்தவர். தம்பி பனியன் கதையை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேஸ்டிலிருந்து ஒரு பனியன் துண்டை எடுத்து, அதில் சிங்கரில் ஒரு தையல், ஓவர்லாக்கில் ஒரு தையல் போட்டுக் கையில் கொடுத்தார். “அம்மிணி, மேலே பாத்தா எல்லாமே கோடுதான். திருப்பிப் பாரு. அப்புறம் பிரிச்சுப் பாரு. இஞ்சி டேப்பு வெச்சு அள.”

இரண்டு தையலிலும் 10 சென்டிமீட்டர் குறித்துக்கொண்டு பிரித்தேன். சிங்கர் தையலில் மேல் நூல் ஒன்று, அடி நூல் ஒன்று. ஒவ்வொன்றும் 12, 13 சென்டிமீட்டர்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் 25 சென்டிமீட்டர் சுமார். ஓவர்லாக்கைப் பிரிக்கத் தெரியாமல் திணறியபோது, ஊசி நூலை மட்டும் தேடிப் பிடித்து உருவச் சொன்னார். உருவியதும் மற்ற இரண்டு நூலும் தானாகக் கழன்று விழுந்தன. (இதை இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். ஓவர்லாக்கைப் பிளேடால் ஒவ்வொரு முடிச்சாக வெட்ட வேண்டாம், ஊசி நூலை உருவினால் போதும்.) மூன்று நூலையும் மேசையில் நீட்டி வைத்து அளந்தால் ஒரு மீட்டரைத் தாண்டி 140 சென்டிமீட்டர் பக்கம் வந்தது. அதே 10 சென்டிமீட்டர் தையலுக்கு ஒன்றில் கால் மீட்டர் நூல், இன்னொன்றில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நூல்!

அந்த நிமிஷமே தம்பி பனியன் ஏன் அறுந்தது என்று விளங்கிவிட்டது. நேர்த்தையலில் நூல் கிட்டத்தட்ட நேராகக் கிடக்கிறது. துணி நீளும்போது கூட நீள்வதற்கு அதனிடம் உபரி நூல் இல்லை. ஓவர்லாக்கில் நூல் வளையம் வளையமாகக் கிடப்பதால் துணி நீளும்போது வளையங்கள் நிமிர்ந்து இடம் கொடுக்கின்றன. பனியன் துணியே நூல் வளையங்களால் பின்னியதுதானே, அதற்கேற்ற தையலும் வளையமாகத்தான் இருக்க வேண்டும். கெட்டி நூல் போட்டு நான் செய்தது, விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் கம்பி கட்டியது போலாயிற்று.

ஓட்டை விழுந்ததற்குக் காரணம் ஊசி. சாதாரண ஊசியின் கூர் முனை, பின்னிய துணியின் இழையை அறுத்துவிடும். உடனே தெரியாது, துவைத்த பிறகு அந்த இடம் வாயைத் திறக்கும். பனியன் துணிக்கு முனை மழுங்கலாக உருண்ட ஊசி உண்டு, பால் பாயின்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அது இழையை ஒதுக்கிவிட்டு நடுவில் இறங்கும். மெல்லிய பனியன் துணிக்கு 11 நம்பர், கனமானதற்கு 14 நம்பர் போதும். கம்பெனியில் ஊசி முனை லேசாக மடங்கியிருந்தாலே ஒரு கட்டுத் துணி முழுக்க வீணாகும் என்பதால் அண்ணா தினமும் காலையில் ஊசி முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பார். கீறல் விழுந்தால் ஊசியை மாற்றிவிடுவார். நானும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வார லீவில் தாராபுரம் போய் அம்மா மெஷினின் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். ஆறு வருஷம் மிதித்த மெஷின், உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊசி அடிமட்டம் வரை இறங்கி, திரும்ப மேலே ஏற ஆரம்பிக்கிறது. 2 மில்லிமீட்டர் சுமார் ஏறியதும், ஊசிக்குப் பக்கத்தில் நூல் தொய்ந்து ஒரு சின்ன வளையமாகப் புடைக்கிறது. சரியாக அந்த நேரத்துக்குக் கொக்கியின் மூக்கு வந்து வளையத்துக்குள் நுழைகிறது. வளையத்தைப் பெரிதாக்கி, அடி நூல் சுற்றிய பாபின் உட்கார்ந்திருக்கும் பாபின் கேஸைச் சுற்றி ஒரு வலம் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மேலே இருக்கும் நூல் தூக்கும் கை அதை இழுத்து இறுக்குகிறது. அடி நூல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் நேர்த்தையல். கை ஊசிக்குக் காது பின்னால் இருக்கிறது, மெஷின் ஊசிக்கு முனையில் இருக்கிறது என்றால் காரணம் அந்தச் சின்ன வளையம்தான். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை வாங்கிய மெஷினில் காது முனையில் இருக்கும் ஊசியும், அடி நூலைச் சுமந்துகொண்டு போய் வரும் நாடாவும் இருந்தன. நாடா என்றால் நம் தறியில் ஓடுகிற அதே சமாச்சாரம்தான். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவளுக்கு இதைத் தெரிந்துகொண்டபோது மெஷின் மேலேயே ஒரு உறவு வந்துவிட்டது. ஐசக் சிங்கர் 1851-இல்தான் தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பெயர்தான் இன்றைக்குத் திருப்பூரில் ஒரு வேலையின் பெயராகவே நிற்கிறது.

அந்த வளையத்தைக் கண்ணால் பார்த்துவிட்டதால் எனக்குப் பின்னால் எத்தனையோ கஷ்டம் மிச்சமானது. தையல் விட்டு விட்டு விழுகிறதா? வளையம் உருவாகவில்லை, அல்லது கொக்கி அதைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஊசி மழுங்கியிருக்கலாம், வளைந்திருக்கலாம், முழுசாக மேலே ஏறாமல் மாட்டியிருக்கலாம், திருப்பி மாட்டியிருக்கலாம். ஊசியில் நீளமான பள்ளம் இருக்கும் பக்கம்தான் நூல் நுழைய வேண்டிய பக்கம். அதற்கு எதிர்ப்புறம், காதுக்கு மேலே லேசாகச் சீவிய இடம், கொக்கியைப் பார்த்து நிற்க வேண்டும். ஒரு தடவை ஒரு கடையில் ஊசி கேட்டபோது கம்பெனி மெஷினுக்கான உருண்டைத் தண்டு ஊசியைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். உருண்டைத் தண்டு அதைவிட மெல்லிசு என்பதால் என் மெஷினில் நுழைந்துவிட்டது. தையல்தான் நாலுக்கு ஒன்று விழவில்லை. நூல் இறுக்கத்துக்கான டென்ஷன், ஷட்டில், துணியை அழுத்தும் பிரஷர் எல்லாவற்றையும் இரண்டு நாள் திருகிப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. பழைய ஊசியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து பழைய ஊசி ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினாற்போல் சிக்குகிறது என்று யாராவது வந்தால், எல்லோரும் பாபினைத்தான் குற்றம் சொல்வார்கள். உண்மையில் அடியில் தொய்ந்து கிடப்பது மேல் நூல். டென்ஷன் தகடுகளுக்கு நடுவில் நூல் உட்காரவே இல்லை. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, முதலிலிருந்து நூல் கோத்தால் முக்கால்வாசி சரியாகிவிடும். ஃபுட் கீழே இருக்கும்போது தகடுகள் இறுகியிருக்கும், நூல் வெளியிலேயே நின்றுவிடும். மேல் பக்கம் அடி நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் ரொம்ப இறுக்கம், கொஞ்சம் தளர்த்துங்கள். பாபின் கேஸின் திருகில் கை வைக்கும் முன், கேஸை நூலில் தொங்கவிட்டுக் கையை லேசாக உதறிப் பாருங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் நல்லது. கடகடவென்று தரைக்குப் போனால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

ஓவர்லாக்கில் பாபினே கிடையாது. எல்லா நூலும் பெரிய கோனிலிருந்து வருகிறது, லூப்பர் என்று வளைந்த இரண்டு கைகள் ஊசி நூலின் வளையத்தை வாங்கி ஒன்றோடொன்று மாட்டிவிடுகின்றன. நடுவில் பாபின் தீர்ந்து நிற்காது. கம்பெனிக்கு அது எவ்வளவு பெரிய லாபம் என்று பீஸ் ரேட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கோன் மாற்றும்போது லூப்பரில் புதிதாக நூல் கோர்க்க நேரமாகும். அதனால் பழைய நூலோடு புதிய நூலை முடிந்து இழுத்துவிடுவோம். ஊசிக்காதுக்கு முன்னால் மட்டும் முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோர்க்க வேண்டும். முடிச்சோடு இழுத்தால் காதில் மாட்டி ஊசி வளைந்துவிடும். மூன்று நூல் ஓவர்லாக் ஓரம் பிசிறு விடாமல் இருக்க, நான்கு நூல் டி-ஷர்ட் பக்கவாட்டு, தோள் மாதிரி இழுபடும் இணைப்புகளுக்கு. ஐந்து நூலில் ஓவர்லாக்கோடு உள்பக்கம் தனியாக ஒரு சங்கிலித் தையலும் ஓடும். அதை பேண்ட், சட்டை போன்ற நெய்த துணிகளில் பார்க்கலாம்.

சங்கிலித் தையலை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. அரிசிச் சிப்பத்தின் வாயைத் தைத்திருக்கிறதே, அதுதான். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ர்ரென்று ஒரே இழுப்பில் மூட்டை திறந்துகொள்ளும். தப்பான முனை என்றால் எவ்வளவு இழுத்தாலும் இறுகத்தான் செய்யும். ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்தை நம்பி நிற்பதால், தைத்து முடித்த முனையிலிருந்து இழுத்தால் வரிசையாக அவிழும். ஆரம்பித்த முனையிலிருந்து அவிழாது. மூட்டைக்கு அது வசதி. சட்டைப் பட்டனுக்கு அது தலைவலி. பட்டன் வைக்கும் மெஷின்களில் நிறைய ஒற்றை நூல் சங்கிலித் தையல்தான் போடும். அதனால்தான் புதுச் சட்டையில் தொங்குகிற நூலைச் சும்மா இழுத்தால் பட்டன் கையோடு வந்துவிடுகிறது. புதுச் சட்டை வாங்கினால் முதல் வேலையாக ஒவ்வொரு பட்டனையும் பின்பக்கம் கை ஊசியால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிடுங்கள். அதேபோல டி-ஷர்ட் அடி மடிப்பின் உள்பக்கம் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. பேட்லாக் தையலும் முடிந்த முனையிலிருந்து அவிழும். தொங்குவதை ஊசியில் கோத்து உள்ளே முடிச்சுப் போட்டுவிட்டு வெட்ட வேண்டும். பேட்லாக்கில் தைப்பவர்கள் ஆரம்பித்த இடத்தைத் தாண்டி அரை அங்குலமாவது மேலே ஏற்றித் தைத்து முடிப்பது இதற்காகத்தான்.

ஏழு வருஷம் கம்பெனியில் இருந்துவிட்டுத் தாராபுரம் திரும்பி, ஒரு நேர்த்தையல் மெஷினும் ஒரு மூன்று நூல் ஓவர்லாக்கும் வாங்கி வீட்டு முன்னறையிலேயே தைக்க ஆரம்பித்தேன். அந்த முதல் வருஷத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு கலங்கும். கல்யாண ஜாக்கெட். பட்டுப்புடவையோடு வந்த துணி, அதே நிறத்தில் வேறெங்கும் கிடைக்காது. நேர்த்தையலில் பக்கவாட்டை இணைத்துவிட்டு, பிசிறு விடாமல் இருக்க ஓவர்லாக்கில் கொடுத்தேன். முதுகுப்பக்கத் துணி ஒரு மடிப்பாக அடியில் போய் மாட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. ஓவர்லாக்கில் கத்தி ஊசிக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிடும், கால் எடுக்கும் முன் வெட்டிவிட்டது. எடுத்துப் பார்த்தால் இடுப்புக்கு மேலே பிறை நிலா வடிவத்தில் ஒரு வெட்டு. அந்த அம்மாவிடம் அன்று சாயங்காலமே போய் உண்மையைச் சொன்னேன். முதுகில் ஜரிகைக் கரையை இறக்கி வைத்து மறைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. அவர் ஏற்றுக்கொண்டார். எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை.

அதன்பிறகு முறையையே மாற்றினேன். வெட்டிய துண்டுகளை இணைப்பதற்கு முன்னாலேயே, ஒவ்வொன்றாகத் தட்டையாக வைத்து ஓவர்லாக் போட்டுவிடுகிறேன். மடிப்பு அடியில் போக வழியே இல்லை. இடது உள்ளங்கை துணிக்கு அடியில் தடவிக்கொண்டே வரும். கத்தி பிசிறை மட்டும் சீவ வேண்டும், துணியைத் தின்னக் கூடாது. ஜாக்கெட்டில் உள்ளே விடுகிற ஒரு அங்குலம் நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்து விடுவதற்காக விடுவது. ஓவர்லாக்கையே இணைப்புத் தையலாக நம்பினால் அந்த ஒரு அங்குலம் கத்திக்குப் போய்விடும். நெய்த துணிக்கு ஓரத்தில் ஓவர்லாக், இணைப்புக்கு நேர்த்தையல். ஜாக்கெட்டுக்கு அங்குலத்துக்கு 10லிருந்து 12 தையல் விழுந்தால் போதும். இன்னும் நெருக்கமாகப் போட்டால் உறுதி கூடும் என்று நினைத்து, பட்டுத் துணியைத் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை போட்டுக் கிழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓவர்லாக் இல்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். மெல்லிய காட்டன், ஷிஃபான் துணிக்கு நேர்த்தையல் மெஷினே போதும். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து ஓரத்தில் ஒரு தையல், பிசிறைக் கத்தரித்து, உள்ளே திருப்பி இன்னொரு தையல். பிசிறு உள்ளேயே அடங்கிவிடும். குழந்தைத் துணிக்கு ஓவர்லாக்கைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும், உடம்பில் உறுத்தாது.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அரசாங்கத்தின் இலவசத் தையல் மெஷின் கிடைத்தது. மிதிக்கிற மெஷின், நேர்த்தையல் மட்டும்தான். நைட்டிக்கும் குழந்தைகள் பனியனுக்கும் ஆர்டர் வருகிறது, என்ன அக்கா செய்வது என்று வந்து நின்றாள். ஜிக்ஜாக் வசதி இருக்கும் மெஷின் என்றால் சுலபம். அகலம் 1 மில்லிமீட்டர், நீளம் 2.5 வைத்துத் தைத்தால் அந்த வளைவே நூலுக்கு இடம் கொடுக்கும். மிதிமெஷினில் அதற்கு வழியில்லை. அதனால் உருண்ட முனை ஊசி மாட்டச் சொன்னேன். பருத்தி நூல் வேண்டாம், பாலியஸ்டர் நூல் மேலேயும் அடியிலும். மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தி, பிரஷரையும் குறைத்து, தையலைக் கொஞ்சம் நெருக்கமாக வைத்து, முன்னாலும் பின்னாலும் துணியைக் கையால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும். கையை எடுத்ததும் துணி சுருங்கும், நூலுக்குக் கொஞ்சம் உபரி கிடைக்கும். ரொம்ப இழுத்தால் ஓரம் அப்பளம் மாதிரி நெளியும். தோளில் மட்டும் இழுக்கவே கூடாது, அங்கே நீளாத மெல்லிய துணிப்பட்டை ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் நாலு துவைப்பில் தோள் தொங்கிவிடும். இறுக்கமான கழுத்துப் பனியன் ஆர்டரை இப்போதைக்கு வாங்க வேண்டாம், கழுத்தை மட்டும் என் ஓவர்லாக்கில் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

நேற்று ஒரு சாண் துண்டில் தைத்துக் கொண்டுவந்தாள். நான் கேட்கும் முன்னாலேயே உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அடி நூல் சமமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஒரே ஒரு இடத்தில் பட் என்றது. அந்த இடத்தில் பாபின் தீரப் போகிறதோ என்று குனிந்து பார்த்தாளாம், கை தளர்ந்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் பிரித்துக்கொண்டிருந்தாள்.